டேர், டீ, டாஸ்: ஒரு தமிழ் வாத்தியார் தன் தப்பைத் திருத்திக்கொண்ட கதை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, காபியை எடுத்து வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெண் இருக்கிறாள். பி.எஸ்ஸி. நர்சிங் முடித்தவள். தாம்பரம் பக்கம் ஒரு மருத்துவமனையில் இரவுப் பணி. ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போக வேண்டும் என்று ஜெர்மன் படிக்கிறாள். போன வருஷம் ஒரு நாள் மாடம்பாக்கம் ஏரிக்கரையில் காலை நடையை முடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன். கேட்டுக்குப் பக்கத்தில் நோட்டும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. பரீட்சையில் எழுத்துத் தாள் போய்விட்டதாம். கட்டிய பணம் அவள் அம்மாவின் சீட்டுப் பணம்.

"சார், நீங்க இலக்கண வாத்தியார்தானே? பொம்பளைப் பிள்ளையை 'அது'ங்கிறான், ஊசியை 'அவள்'ங்கிறான். என்ன சார் மொழி இது? கேட்டா, மனப்பாடம் பண்ணும்மாங்கிறாங்க. எனக்கு மொழியே வராது போல சார்."

எனக்கு ஜெர்மன் தெரியாது. ஆனால் "எனக்கு மொழியே வராது" என்ற அந்தக் கடைசி வாக்கியம் என்னை என்னவோ செய்தது. ஏன் என்று கீழே சொல்கிறேன். "உள்ள வாம்மா, நானும் உன்னோட சேர்ந்து படிக்கிறேன்" என்றேன். அப்படித் தொடங்கியது இந்த வயதில் என் ஜெர்மன் படிப்பு. படிக்கப் படிக்க அது நம் ஊர்ச் சரித்திரத்துக்குள்ளேயே கொண்டுபோய் விட்டது.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் பால் உண்டு. ஆண்பால் என்றால் முன்னால் 'டேர்', பெண்பால் என்றால் 'டீ', இரண்டும் இல்லாத பொதுவான மூன்றாவது பால் என்றால் 'டாஸ்'. சாப்பாட்டு மேஜையில் கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி மூன்றாம் பால். ஆஸ்பத்திரிக்குள் போனால் இருமல் ஆண், காயம் பெண், காய்ச்சல் மூன்றாம் பால். ஊசி பெண். 'மேட்ஷென்' என்றால் சிறுமி. அந்தச் சொல் மூன்றாம் பால்! அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் 1880-இல் ஜெர்மன் மொழியைக் கிண்டல் செய்து ஒரு கட்டுரையே எழுதினார். காய்கறிக்குப் பால் உண்டு, பெண் பிள்ளைக்கு இல்லையா என்பது அதில் அவர் கேட்ட கேள்வி.

நம் பிள்ளைகளுக்கு இது ஏன் இவ்வளவு தலைவலி? நம் தமிழில் பால் என்பது பொருளைப் பார்த்துச் சொல்வது. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் இந்தப் பிரிவினையோடுதான் தொடங்குகிறது. மனிதர் உயர்திணை, மற்றவை எல்லாம் அஃறிணை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தியார் உயர்திணையில் தேவரையும் நரகரையும் சேர்த்துக்கொண்டார். உயர்திணைக்குள் ஆண்பால், பெண்பால், பலர்பால். அஃறிணைக்குள் ஒன்றன்பால், பலவின்பால். ஆக இரு திணை, ஐம்பால். கரண்டி ஆணா பெண்ணா என்று கேட்டால் தமிழ்க் குழந்தை சிரிக்கும்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. நாம் பாலை வினைமுற்றின் வாலில் கட்டுகிறோம். வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தன. ஜெர்மன்காரர் வினையில் பாலைக் காட்டுவதில்லை. அவன் வருகிறான், அவள் வருகிறாள், அது வருகிறது, மூன்றுக்கும் 'கொம்ட்' என்ற ஒரே வினை போதும். பாலை எல்லாம் பெயருக்கு முன்னால் வரும் டேர், டீ, டாஸில் கொட்டி வைத்திருக்கிறார்கள். நாம் வாக்கியத்தின் கடைசியில் தேடுவதை அவர்கள் பெயரின் தலைவாசலிலேயே வைத்துவிட்டார்கள். வேற்றுமையும் அப்படித்தான். நாம் 'ஐ', 'கு' என்று பெயரின் பின்னால் ஒட்டுகிறோம். அவர்கள் பெரும்பாலும் முன்னால் நிற்கும் டேரையே 'டேன்', 'டேம்', 'டெஸ்' என்று மாற்றிக்கொள்கிறார்கள்.

இதை அந்தப் பெண்ணிடம் சொன்னதும், "அப்போ டேரும் வேற்றுமை உருபு மாதிரிதானா சார்?" என்றாள். ஏறக்குறைய அப்படித்தான் அம்மா என்றேன். முகம் கொஞ்சம் தெளிந்தது.

இப்போது சரித்திரத்துக்கு வருகிறேன்.

தமிழும் ஜெர்மனும் ஒன்றையொன்று நெருங்கிப் பார்த்தது நம் தரங்கம்பாடியில். 1706 ஜூலை 9-ஆம் தேதி டேனிஷ் கப்பலில் இரண்டு ஜெர்மன் பாதிரிமார் வந்து இறங்கினார்கள். ஒருவர் சீகன்பால்க், மற்றவர் புளூட்சௌ. அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக். சீகன்பால்குக்கு அப்போது இருபத்துநாலு வயது நிரம்ப ஒரு நாள் பாக்கி. ஒரு தமிழ் எழுத்துக்கூடத் தெரியாது.

அவர் என்ன செய்தார் தெரியுமா? வயதான திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருவரைப் பிடித்து, பள்ளிக்கூடத்தைத் தங்கள் வீட்டிலேயே நடத்தச் சொன்னார். சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். பல்கலைக்கழகத்தில் லத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் படித்த மனிதர் அவர். அந்த மணலும் அந்தப் பிள்ளைகளின் கூட்டுச் சத்தமும்தான் அவருக்குத் தமிழ் கொடுத்தது.

மணலில் எழுதினால் மட்டும் அர்த்தம் தெரிந்துவிடுமா? அதற்கு ஒரு துபாஷி வேண்டும். அழகப்பன் என்ற தமிழர் வந்து சேர்ந்தார். டேனிஷ் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். போர்த்துகீசியம், டேனிஷ், ஜெர்மன், டச்சு எல்லாம் பேசுவார். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். போர்த்துகீசியத்தில் எல்லாப் பெயரும் ஆண் அல்லது பெண். டேனிஷில் ஆணும் பெண்ணும் ஒரே வகையாகக் கலந்து பொதுப்பால் ஒன்று, அதற்கு எதிரில் மற்றொன்று, ஆக இரண்டு. ஜெர்மனில் மூன்று. வீட்டில் பேசும் தமிழிலோ இரு திணை, ஐம்பால். முந்நூறு வருஷத்துக்கு முன்னால், கோர்ஸும் இல்லாமல் ஆப்பும் இல்லாமல், கடற்கரை ஊர் ஒன்றில் ஒரு தமிழர் இத்தனை கணக்கையும் நாக்கில் வைத்துக்கொண்டு பிழைத்தார். நம்மவருக்கு மொழி வராது என்று யார் சொன்னது?

சீகன்பால்கின் மீதிக் கதை பலருக்கும் தெரிந்ததுதான். சுருக்கமாகச் சொல்கிறேன். 1708 கடைசியில் தரங்கம்பாடியின் டேனிஷ் தளபதியோடு மோதல் வந்து நாலு மாதம் சிறையில் இருந்தார். அந்த ஆண்டே கொன்றைவேந்தன், உலகநீதி போன்ற நீதி நூல்களை ஜெர்மனில் மொழிபெயர்த்திருந்தார். தான் சேகரித்த நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளுக்குப் பட்டியலும் போட்டார். ஹாலே நகரத்தில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-இல் வந்து சேர்ந்தன. புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி 1715-இல் முடிந்தது.

இடையில் 1714-இல் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார். கூடவே மலையப்பன் என்ற தமிழ்ப் பையன். கடலில் பல மாதம். அந்தப் பயணத்தில் ஐரோப்பியருக்காக ஒரு தமிழ் இலக்கணத்தை லத்தீனில் எழுதினார். சந்தேகம் வந்தால் கேட்க மலையப்பன் பக்கத்தில் இருந்தான். 1716-இல் ஹாலேயில் அச்சான அந்த நூலுக்குப் பெயர் 'கிராமாட்டிகா டாமுலிக்கா'. 1719 பிப்ரவரியில் தரங்கம்பாடியில் சீகன்பால்க் காலமானார். வயது முப்பத்தாறு. தான் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கமானார்.

அவருக்குப் பின் வந்த ஜெர்மானியர்களும் நம் இலக்கணத்தோடு மல்லுக்கு நின்றார்கள். பெப்ரிசியஸ் தொகுத்த தமிழ்-ஆங்கில அகராதி 1779-இல் நம் சென்னை வேப்பேரியில் அச்சானது. கார்ல் கிரௌல் 1856-இல் திருக்குறளை ஜெர்மனில் கொண்டுவந்தார். ஹெர்மன் குண்டர்ட் கேரளம் போய் மலையாள அகராதி செய்தார். எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே அவருடைய மகள்வழிப் பேரன். அந்த மலையாளத்தைப் பாருங்கள். அவன் வந்நு, அவள் வந்நு, அது வந்நு. தமிழுக்கு இவ்வளவு பக்கத்து உறவான மொழி, வினையில் பால் காட்டுவதையே விட்டுவிட்டது. அதனால் அதற்கு என்ன குறை வந்தது?

சரி, கரண்டி ஏன் ஆண்? இதை ஜெர்மானியர்களே கேட்டிருக்கிறார்கள். தேவதைக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களில் மூத்தவர் யாக்கோப் கிரிம் பெரிய இலக்கண அறிஞர். 1831-இல் வந்த தம் ஜெர்மன் இலக்கணத்தின் மூன்றாம் பகுதியில் அவர் சொன்ன காரணம் கற்பனை. பழங்கால மக்கள் பொருள்களுக்கும் ஆண் தன்மை, பெண் தன்மை ஏற்றிப் பார்த்தார்கள் என்றார். அந்த நூற்றாண்டின் கடைசியில் புருக்மன் என்ற மொழிநூலார் இதை மறுத்தார். சொல்லின் ஈறு ஒன்றுபோல இருந்ததால் சொற்கள் ஒரே கூட்டத்தில் சேர்ந்தன, பொருளில் காரணம் தேடாதீர்கள் என்பது அவர் வாதம்.

1915-இல் இன்னொரு திருப்பம். துருக்கியில் கிடைத்த களிமண் பலகைகளில் இருந்த ஹிட்டைட் மொழியை ஹ்ரோஸ்னி என்ற அறிஞர் படித்துக் காட்டினார். அது ஜெர்மனுக்கும் சமஸ்கிருதத்துக்கும் உறவான மிகப் பழைய மொழி. அதில் பெண்பால் தனியாக இல்லை. பொது என்று ஒன்று, அதற்கு எதிராக மற்றொன்று, இரண்டே வகுப்பு. ஆதியில் அந்தக் குடும்பத்தில் உயிருள்ளவை, உயிரற்றவை என்ற பிரிவுதான் இருந்தது, பெண்பால் பிறகு கிளைத்தது என்று மொழிநூலார் பலர் கருதுகிறார்கள். அப்படியானால் அவர்களும் ஒரு காலத்தில் நம் திணைக்குப் பக்கத்து வீட்டில்தான் குடியிருந்திருக்கிறார்கள்!

சொல்லின் பால் வேறு, ஆளின் பால் வேறு என்பதற்கு சமஸ்கிருதத்தில் ஒரு பழைய உதாரணம் உண்டு. மனைவிக்கு மூன்று சொல். 'பார்யா' பெண்பால். 'தாரா' ஆண்பால். 'களத்ரம்' மூன்றாம் பால். பெண்டாட்டி ஒருத்திதான், சொல்தான் மூன்று விதம். 'மேட்ஷென்' கதையும் இதுதான். 'ஷென்' என்ற குறுமை விகுதி எந்தச் சொல்லோடு ஒட்டினாலும் அதை டாஸ் ஆக்கிவிடும். பெண்ணைக் குறைத்துச் சொல்வதற்காக அல்ல, விகுதியின் குணம் அது.

நாமும் ஒன்றும் சுத்தம் இல்லை. "பொண்ணு ஸ்கூலுக்குப் போயிருக்குது", "பாப்பா தூங்குது" என்று தினமும் சொல்கிறோம். கொஞ்சும்போது எதிர்த் திசையிலும் போவோம். பிரியத்தினால் ஒரு பசுவைத் தாயாகப் பாவித்து 'வந்தாள்' என்று சொன்னால் அது பிழை ஆகாது என்று நம் இலக்கணமே இடம் கொடுக்கிறது. அதற்குத் திணை வழுவமைதி என்று பெயர். எங்கள் மாடம்பாக்கத்துச் சோழர் காலக் கோயிலில் இருப்பவர் தேனுபுரீசுவரர். தேனு என்றால் பசு. பசு வழிபட்ட தலம் என்பது ஐதீகம். அந்தக் கோயில் வாசலில் பசுவைத் தொட்டுக் கும்பிடுகிறவரிடம் போய் அஃறிணை என்று பாடம் நடத்த முடியுமா? சூரியனையும் பாருங்கள். 'அன்' விகுதி போட்டு ஆணாக்கி வைத்திருக்கிறோம், ஆனால் 'சூரியன் உதித்தது' என்று அஃறிணையில் முடிக்கிறோம். ஜெர்மனில் சூரியன் பெண், சந்திரன் ஆண். பக்கத்து பிரெஞ்சில் நேர் தலைகீழ்.

இப்போது நான் முதலில் பாக்கி வைத்த கதை.

பல வருஷத்துக்கு முன்னால், நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், ஆறாம் வகுப்புக் கட்டுரை நோட்டு திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு பையன் 'அம்மா சந்தையிலிருந்து வந்தது' என்று எழுதியிருந்தான். முழுப் பக்கத்திலும் அம்மா 'சொன்னது', 'சமைத்தது', 'சிரித்தது'. நான் அவனை எழுந்து நிற்கச் சொல்லி, "ஏன்டா, உங்க அம்மா என்ன ஆடா, மாடா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவன் ஒன்றும் சொல்லாமல் நின்றான். அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுக்க அவன் கட்டுரையே எழுதவில்லை. வெள்ளைப் பக்கத்தைக் கொண்டுவந்து நீட்டுவான். நானும் சைபர் போட்டுத் திருப்பிக் கொடுப்பேன். அடுத்த வருஷம் பள்ளிக்கே வரவில்லை. குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள் என்றார்கள்.

அவன் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அது எனக்குத் தெரியும். ஆனால் தெலுங்கு இலக்கணம் எனக்குத் தெரியாது. இந்த ஜெர்மன் படிப்பில் பால் பற்றிப் படித்துக்கொண்டு போனபோதுதான் தெரிந்தது. தெலுங்கில் ஒருமையில் ஆணுக்கு ஒரு முடிவு, மற்ற எல்லாவற்றுக்கும் இன்னொரு முடிவு. 'அம்மா வச்சிந்தி', 'ஆவு வச்சிந்தி'. அம்மா வந்தாலும் பசு வந்தாலும் ஒரே வினைமுற்று. பன்மையில் மட்டும் பெண்களும் ஆண்களோடு சேர்ந்து 'வச்சாரு' ஆகிவிடுவார்கள். கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்தப் புத்தகம் என் அலமாரியிலேயே இருந்தது. பரீட்சைக்கு வேண்டிய பக்கங்களை மட்டும் படித்திருந்தேன்.

அந்தப் பையன் அம்மாவை மாடாக்கவில்லை. அவன் தாய்மொழியின் விதியைத் தமிழில் சரியாகப் பயன்படுத்தியிருந்தான். 'உங்க வீட்டுப் பேச்சில் அப்படிச் சொல்வீங்க, தமிழில் இப்படிச் சொல்லணும்பா' என்று ஒரே ஒரு வாக்கியம் நான் சொல்லியிருந்தால் போதும். எனக்குத் தெரியாதது அவன் பிழையாகிவிட்டது. இப்போது அவனுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். எங்கே இருக்கிறானோ. தம்பி, இது உன் கண்ணில் பட்டால், வாத்தியார் தப்பு செய்துவிட்டேன், மன்னித்துக்கொள்.

எதிர்வீட்டுப் பெண் "எனக்கு மொழியே வராது" என்று சொன்னபோது எனக்கு அந்த வெள்ளைப் பக்கம்தான் கண்ணில் தெரிந்தது.

நாங்கள் இருவரும் எப்படிப் படித்தோம் என்பதையும் சொல்கிறேன். ஜெர்மன் படிக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

ஒன்று, பெயரைத் தனியாகப் படிக்கவே கூடாது. டேரோ டீயோ டாஸோ, அதையும் சொல்லின் முதல் எழுத்து மாதிரி நினைத்து ஒரே மூச்சில், வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சீகன்பால்க் மணலில் படித்த முறைதான்.

இரண்டு, கூட்டுச் சொல்லில் கடைசிச் சொல்தான் எஜமானன். 'கிராங்கன்' என்பது நோயாளியைக் குறிக்கும் பகுதி. வீடு என்ற சொல் டாஸ், ஆகவே மருத்துவமனை 'டாஸ் கிராங்கன்ஹவுஸ்'. வண்டி டேர், ஆகவே ஆம்புலன்ஸ் 'டேர் கிராங்கன்வாகன்'. சகோதரி டீ, ஆகவே நர்ஸ் 'டீ கிராங்கன்ஷ்வெஸ்டர்'. (2020 முதல் சட்டப்படியான பட்டப் பெயர் 'டீ ஃப்ளேகெஃபாஹ்ஃப்ராவ்', ஆண் என்றால் 'டேர் ஃப்ளேகெஃபாஹ்மன்'.) நோயாளி ஒருவரே, மூன்று பாலும் வந்துவிட்டது. இதை அவள் தன் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று மனப்பாடம் செய்தாள்.

மூன்று, விகுதியைக் கவனிக்க வேண்டும். 'உங்', 'ஹைட்', 'கைட்', 'ஷாஃப்ட்' என்று முடிந்தால் டீ. 'ஷென்', 'லைன்' என்று முடிந்தால் டாஸ். கிழமைகளும் மாதங்களும் டேர். நம் பகுபத உறுப்பிலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிதே இல்லை.

நாலு, பன்மையில் மூன்று பாலுக்கும் டீ ஒன்றுதான். நாம் 'வந்தார்கள்' என்று சொல்லும்போது ஆண், பெண் பேதம் மறைந்துவிடுகிறதே, அது மாதிரி.

இவ்வளவுக்கும் அடங்காத சொற்கள் ஏராளம். அதற்குக் காரணம் கேட்காதே, உறவுக்காரரை ஏற்றுக்கொள்வது மாதிரி ஏற்றுக்கொள் என்றேன். சிரித்தாள்.

போன மாதம் மறுபடி பரீட்சை எழுதினாள். எழுத்துத் தாள் தேறிவிட்டது. பேச்சுத் தேர்வில் இரண்டு மூன்று டேர், டீ மாறிப்போனதாம், அதற்காக யாரும் சிரிக்கவில்லையாம். "எக்ஸாமினர் நான் சொன்னதைத் திருத்தி ஒரு தடவை சொல்லிட்டு, அடுத்த கேள்விக்குப் போயிட்டாங்க சார்" என்றாள். இன்னும் ஒரு நிலை பாக்கி. விசா, வேலை ஒப்பந்தம் எல்லாம் அதற்கு மேல்.

ஜெர்மனியில் ஈழத்தமிழ்க் குடும்பங்களில் பிறந்து வளரும் பிள்ளைகள் வார இறுதியில் தமிழாலயங்களுக்குப் போய்த் தமிழ் படிக்கிறார்கள். டேர், டீ, டாஸ் அவர்களுக்குத் தாய்ப்பாலோடு வந்தது. வந்தான், வந்தாள், வந்ததுதான் அவர்களுக்குக் கஷ்டம். அங்கேயும் ஏதோ ஒரு பிள்ளை இன்று 'அம்மா வந்தது' என்று எழுதியிருக்கும். திருத்துகிற வாத்தியார்களே, சிவப்புப் பேனாவை எடுப்பதற்கு முன்னால், 'உங்க வீட்டில் இதை எப்படிப்பா சொல்வீங்க?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ இப்படி ஒரு 'தப்பு' நடந்திருந்தால் கீழே எழுதுங்கள். நான் கோபப்பட மாட்டேன். இப்போது நானும் தப்புத் தப்பாக ஜெர்மன் பேசுகிற மாணவன்தான்.

அன்புடன்,
மாடம்பாக்கத்திலிருந்து உங்கள் தமிழ் வாத்தியார்